எருதின் பித்தப்பையில் பிறந்த டாரின்

பெட்டிக்கடைக் குளிர்பெட்டியில் நிற்கும் எனர்ஜி டிரிங்க் கேன் ஒன்றை எடுத்துத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். டாரின் என்று ஒரு பெயர் இருக்கும். ஜிம்முக்குப் போகிறவர்கள் வாங்கும் பவுடர் டப்பா பலவற்றிலும் அது உண்டு. கைக்குழந்தைக்கான பால் பவுடரிலும் உண்டு, பூனைத் தீவனப் பையிலும் உண்டு. உடம்பை முறுக்கேற்ற நினைக்கும் இளைஞனுக்கும், தொட்டில் குழந்தைக்கும், வீட்டுப் பூனைக்கும் ஒரே சரக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். பால் பவுடருக்குள்ளும் பூனைத் தீவனத்துக்குள்ளும் அதைக் கொண்டுவந்து சேர்த்தது அறிவியல். கேனுக்குள் கொண்டுவந்து சேர்த்தது வியாபாரம். இரண்டும் வேறு வேறு பாதை. இது தெரியாமல்தான் பலர் காசையும் நம்பிக்கையையும் தவறான டப்பாவில் போடுகிறார்கள்.

கதை ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. 1820களில் அங்கே ஃப்ரீட்ரிக் டீடமன் உடற்கூறியல் பேராசிரியர், லியோபோல்ட் க்மெலின் வேதியியல் பேராசிரியர். தின்னும் உணவு வயிற்றுக்குள் என்ன ஆகிறது என்பது அன்று பெரும் புதிர். செரிமானம் பற்றிய நல்ல ஆய்வுக்குப் பாரிஸ் அறிவியல் கழகம் பரிசு அறிவித்திருந்தது. இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். ஒருவர் கத்தி பிடிப்பவர், மற்றவர் குடுவை பிடிப்பவர். உமிழ்நீர், இரைப்பைச் சாறு, கணையச் சாறு, பித்தநீர் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். கடைசியில் பாரிஸ் முழுப் பரிசைத் தரவில்லை. பாராட்டும் அதோடு ஒரு தொகையும் தர முன்வந்தது. இருவரும் அதை மறுத்துவிட்டுத் தங்கள் ஆய்வைத் தாங்களே புத்தகமாக வெளியிட்டார்கள். செரிமான அறிவியலுக்கு அந்தப் புத்தகம் அடித்தளமாக நின்றது.

அவர்கள் கையாண்ட சரக்குகளில் தாராளமாகக் கிடைத்தது எருதின் பித்தநீர். மாட்டின் பித்தப்பையை நறுக்கினால் பச்சையும் பழுப்பும் கலந்த, விரலில் வழுக்குகிற, கொடுங்கசப்பான நீர் வடியும். அதோடு அமிலம் சேர்த்துக் காய்ச்சி, பிசினாகத் திரண்டதை வடித்து நீக்கி, மீந்த நீரை வற்றவைத்தால், அத்தனை கசப்புக்கும் நிறத்துக்கும் அடியிலிருந்து நிறமே இல்லாத படிகங்கள் முளைக்கின்றன. பட்டை தீட்டியதுபோன்ற முகங்களோடு ஊசியாய் நிற்கும் அவை தண்ணீரில் கரையும், சாராயத்தில் அநேகமாகக் கரையாது. 1827ல் அவர்கள் இதை விவரித்தபோது, தண்ணீர்விட்டான் இனச் செடியான அஸ்பராகஸில் ஏற்கெனவே கண்டெடுத்திருந்த அஸ்பராஜின் படிகங்களின் சாயல் தெரிந்ததால், பித்த அஸ்பராஜின் என்று பெயரிட்டார்கள். எருதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து டாரின் என்ற பெயர் 1838ல் டெமார்சே எழுதிய கட்டுரையில் வந்து நிலைத்தது.

பெயர் கிடைத்தும் ஆள் அடையாளம் சரியாகவில்லை. அன்றைய வேதியியலில் ஒரு பொருளை எரித்து, அதிலிருந்த கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் அளவுகளைக் கணக்கிடுவார்கள். எடையில் மிச்சம் எவ்வளவோ அவ்வளவும் ஆக்சிஜன் என்று எழுதிவிடுவார்கள். டாரினிலும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அந்த மிச்சத்துக்குள் கந்தகம் ஒளிந்திருந்தது. ஒரு கந்தக அணுவின் எடை இரண்டு ஆக்சிஜன் அணுக்களின் எடைக்குச் சமம். அதனால் கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது, யாருக்கும் சந்தேகமே எழவில்லை. 1846ல் ரெட்டன்பாக்கர் என்ற வேதியியலார்தான் உள்ளே கந்தகம் இருப்பதைக் கண்டுபிடித்தார். டாரினின் எடையில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலேயே கந்தகம். அவ்வளவு பெரிய பங்கு ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. வேதியியல் வரலாற்றில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கும் நிகழ்ச்சி இது. கணக்கு பொருந்திவிட்டது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. இதே பாடம் இந்தக் கதையின் கடைசிப் பகுதியிலும் வரும்.

அந்தக் கந்தகம்தான் டாரினை மற்ற அமினோ அமிலங்களிலிருந்து தள்ளி நிறுத்துகிறது. புரதச் சங்கிலியில் கோக்கப்படும் 20 அமினோ அமிலங்களுக்கும் ஒரு முனையில் கார்பாக்சில் என்ற அமிலப் பகுதி இருக்கும். அதைப் பிடித்துத்தான் அடுத்த மணி கோக்கப்படுகிறது. டாரினில் அந்த இடத்தில் கந்தகம் சேர்ந்த சல்ஃபானிக் அமிலம். ஆகவே எந்தப் புரதத்திலும் அது சேராது. உடம்பில் தனி ஆளாகவே திரிகிறது. கண்டிப்பாகப் பார்த்தால் அதை அமினோ அமிலம் என்றே சொல்லக்கூடாது என்பவர்களும் உண்டு. புரதத்தில் சேராததைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று நெடுங்காலம் அறிவியலும் அதை ஒதுக்கியே வைத்திருந்தது. பித்தத்தில் அதன் வேலை மட்டும் ஓரளவு தெரிந்திருந்தது. கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலங்களைச் செய்கிறது. அவற்றோடு டாரினோ கிளைசினோ சேர்ந்தால்தான் அவை நீரில் நன்றாகக் கரைந்து, எண்ணெய்ப் பிசுக்கைச் சீயக்காய் எடுப்பதுபோல் உணவிலுள்ள கொழுப்பைப் பொடிப்பொடியாக உடைத்துக் குடலுக்குக் கொடுக்க முடியும்.

எழுபது கிலோ மனித உடம்பில் ஏறத்தாழ 70 கிராம் டாரின் இருக்கிறது. பித்தத்துக்கு மட்டும் இவ்வளவு தேவையில்லை. அதிகம் குவிந்திருப்பது தசையிலும் இதயத்திலும் மூளையிலும் கண்ணின் விழித்திரையிலும். அங்கெல்லாம் அது என்ன செய்கிறது? பதிலைக் கொண்டுவந்தவை பூனைகள்.

ஹார்வர்டில் கே.சி. ஹேய்ஸ் குழுவினர் பூனைகளுக்குப் பாலிலிருந்து எடுக்கும் கேசின் புரதத்தை மட்டும் புரதமாகக் கொடுத்து வளர்த்தார்கள். கேசின் நல்ல புரதம், எலி அதைத் தின்று செழிக்கும். பூனைகளுக்கோ பார்வை மங்கியது. விழித்திரையின் நடுவில், கூர்மையான பார்வைக்கு உரிய இடத்தில், ஒளியுணரும் செல்கள் தேய ஆரம்பித்தன. விளக்கைக் காட்டினால் கண்ணில் எழ வேண்டிய மின் அலை தளர்ந்துகொண்டே வந்து நின்றுபோனது. ரத்தத்திலும் விழித்திரையிலும் மற்ற அமினோ அமிலங்கள் ஒழுங்காக இருக்க, டாரின் மட்டும் வற்றிக்கிடந்தது. 1975ல் சயன்ஸ் இதழில் இது வந்தது. டாரினைச் செய்ய உதவும் மெத்தியோனின், சிஸ்டீன் ஆகியவற்றைக் கொடுத்தும் பார்த்தார்கள், பயனில்லை. டாரினையே கொடுத்தபோதுதான் கண் தப்பியது.

பூனைக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? நம் கல்லீரல் சிஸ்டீனிலிருந்து டாரினைத் தானே செய்துகொள்ளும். அதற்கான நொதிகள் பூனைக்கு மிகக் குறைவு. தலைமுறை தலைமுறையாக எலியையும் குருவியையும் தின்று வாழ்ந்த உயிர், தின்னும் சதையிலேயே டாரின் இருப்பதால் செய்துகொள்ளத் தேவைப்படவில்லை. போதாக்குறைக்கு, பித்த அமிலத்தோடு சேர்க்க டாரின் இல்லையென்றால் நாம் கிளைசினைப் பயன்படுத்திக்கொள்கிறோம். பூனைக்கு அந்த மாற்று வழி கிடையாது. பித்தத்தோடு குடலில் இறங்கும் டாரினில் ஒரு பங்கு அன்றாடம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். வரவு நின்றாலும் செலவு நிற்காது.

கண்ணோடு முடியவில்லை. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வளர்ப்புப் பூனைகள் இதயம் பலூனாக விரிந்து, துடிக்க வலுவின்றிச் செத்துக்கொண்டிருந்தன. காரணம் தெரியாத நோய், மருந்தில்லாத நோய் என்றிருந்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியில் பால் பியான் என்ற இளம் மருத்துவர், இதய நோயோடு வந்த பூனைகளின் ரத்தத்தில் டாரினை அளந்து பார்த்தார். 21 பூனைகளில் அது அடிமட்டத்தில் இருந்தது. டாரின் கொடுத்ததும் இதயம் மீண்டது. சாகப்போகிறது என்று கைவிடப்பட்ட உயிர்கள் எழுந்து நடந்தன. 1987ல் சயன்ஸ் இதழில் அவரும் மார்க் கிட்டில்சன், குவின்டன் ராஜர்ஸ், ஜேம்ஸ் மாரிஸ் ஆகியோரும் இதை எழுதினார்கள். அந்தப் பூனைகள் தின்றது கடையில் விற்ற தீவனம், அதிலும் பலவற்றில் அன்று பரிந்துரைத்த அளவு டாரின் இருந்தது. அந்த அளவே போதவில்லை. தீவன நிறுவனங்கள் டாரினைக் கூட்டின. அந்த நோய் பூனைகளிடம் அரிதாகிப்போனது. ஊட்டச்சத்து அறிவியலில் இவ்வளவு தெளிவான வெற்றி அடிக்கடி நிகழ்வதில்லை.

பூனையின் கண்ணிலிருந்து குழந்தையின் தொட்டிலுக்கு வர அதிக நேரம் பிடிக்கவில்லை. தாய்ப்பாலில் டாரின் நிறைய இருக்கிறது, பசும்பாலில் மிகக் கொஞ்சம். பிறந்த குழந்தைக்கு டாரின் செய்துகொள்ளும் திறமை இன்னும் முழுதாக வந்திருக்காது. குறைமாதக் குழந்தைக்கு இன்னும் குறைவு. குடல் வேலை செய்யாமல் மாதக்கணக்கில் நரம்பு வழியாகவே உணவு ஏற்றப்பட்ட குழந்தைகளின் விழித்திரை மின் அலை பிசகியிருந்ததையும், டாரின் சேர்த்ததும் சரியானதையும் 1985ல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 1980களிலிருந்து பால் பவுடரில் டாரின் சேர்ப்பது வழக்கமாயிற்று. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, அது அங்கேயே இருக்கிறது.

செல்லுக்குள் இதன் வேலைகளில் ஒன்று நீர்ச் சமநிலை. செல் வீங்கினால் டாரினை வெளியே விட்டு இளைக்கும், சுருங்கினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். உப்புக் கடலில் வாழும் கணவாய், சிப்பி, மட்டி இவற்றின் சதையில் டாரின் கொட்டிக்கிடப்பதற்கும் இதுவே காரணம். காயவைத்த கணவாயின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும் பொடியில் பெரும்பகுதி டாரின். இன்னொரு வேலை இன்னும் நுட்பமானது. செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்டிரியா தனக்கு வேண்டிய சில புரதங்களைத் தானே செய்துகொள்ளும். மரபுக் குறிப்பைப் படித்து அமினோ அமிலங்களை ஏந்தி வரும் ஆர்.என்.ஏ. ஒன்றின் படிக்கும் முனையில் டாரின் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாவிட்டால் வாசிப்பு தப்பும். மெலாஸ் என்ற பரம்பரை நோயில் இதுதான் நடக்கிறது. சிறு வயதிலேயே பக்கவாதம் போன்ற தாக்குதல்கள் வரும். ஜப்பானின் கவாசாகி மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் முன்னின்று, பத்து நோயாளிகளுக்கு நாளுக்கு 9 அல்லது 12 கிராம் டாரின் கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்குத் தாக்குதல்கள் குறைந்தன. 2019ல் ஜப்பான் இதற்கு மருந்தாக ஒப்புதல் அளித்தது. டாரினை மருந்து என்று சொல்ல முழுத் தகுதியுள்ள இடம் இது.

ஜப்பான் டாரினைச் சிறு புட்டியிலும் அடைத்தது. கல்லீரலுக்கும் சோர்வுக்கும் நல்லது என்ற பெயர் அங்கே முன்பே இருந்தது. 1962ல் தாய்ஷோ மருந்து நிறுவனம் லிப்போவிட்டான் டி என்று 100 மில்லி பழுப்புப் புட்டியைக் கொண்டுவந்தது. போருக்குப் பின் இரவு பகலாக உழைத்துக்கொண்டிருந்த நாட்டில் அது ஓடாமல் இருக்குமா? அதில் இருந்த 1000 மில்லிகிராம் டாரின் விளம்பரத்தின் உயிர்நாடியானது. அந்த வகைப் பானங்கள் தாய்லாந்துக்கு வந்தபோது, ஏழைச் சீனக் குடியேறிக் குடும்பத்தில் பிறந்து மருந்து வியாபாரத்தில் வளர்ந்த சலியோ யூவித்யா, 1970களில் தன் சொந்தப் பானத்தைச் செய்தார். பெயர் கிராத்திங் டேங். லாரி ஓட்டுநர்களும் கட்டடத் தொழிலாளர்களும் தூக்கம் விரட்டக் குடித்தார்கள். அதன் அட்டையில் மோதிக்கொள்ளும் இரண்டு சிவப்பு மாடுகள் காட்டுமாடுகள், நம் ஆனைமலையிலும் நீலகிரியிலும் மேயும் அதே இனம்.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த டீட்ரிக் மாட்டெஷிட்ஸ் அப்போது ஒரு பற்பசை நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் அதிகாரியாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். நெடும் விமானப் பயணக் களைப்பு இந்தப் பானத்தில் தீர்ந்தது என்பது அவர் சொன்ன கதை. 1984ல் இருவரும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் போட்டுக் கூட்டுச் சேர்ந்தார்கள். ஐரோப்பிய நாக்குக்கு ஏற்ப வாயு ஏற்றி, 1987ல் ரெட் புல் ஆஸ்திரியக் கடைகளுக்கு வந்தது. அதன்பின் உலகம் முழுவதும் டாரின் என்றால் வலிமை என்று ஆகிவிட்டது. காளையின் விந்திலிருந்து எடுக்கிறார்கள் என்ற வதந்தியும் கூடவே பரவியது. உண்மையில் எந்த மாடும் இதில் இல்லை. எத்திலீன் ஆக்சைடு போன்ற ரசாயனங்களிலிருந்து ஆலையில் தயாராகிறது, உலகச் சந்தைக்குப் பெரும்பகுதி சீனாவிலிருந்து போகிறது. மாட்டுப் பொருள் என்று தயங்கும் சைவர்களுக்கு அந்தத் தயக்கம் வேண்டாம்.

கேனைக் குடித்ததும் வரும் விழிப்பு டாரினால் வருவதா? 250 மில்லி ரெட் புல் கேனில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு டம்ளர் காபியில் உள்ள அளவு. கூடவே 27 கிராம் சர்க்கரை. விழிப்புக்கும் படபடப்புக்கும் இவை இரண்டுமே போதும். டாரின் மட்டும் தனியாகக் கொடுத்த சோதனைகளில் ஓட்டம், சைக்கிள் போன்றவற்றில் சிறிய முன்னேற்றம் தென்பட்டதுண்டு. ரத்த அழுத்தம் எல்லையில் இருந்த 120 பேருக்கு 12 வாரம் நாளுக்கு 1.6 கிராம் கொடுத்த சீன ஆய்வில் மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளி இறங்கியது. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் சிறிய ஆய்வு. அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு டாரின் வாங்க அது காரணமாகாது.

2023 ஜூனில் டாரினுக்கு மறுபிறப்பு வந்தது. டெல்லி தேசிய நோய் எதிர்ப்பியல் நிலையத்தோடு தொடர்புடையவரும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தவருமான விஜய் யாதவின் குழு, சயன்ஸ் இதழில் ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டது. 60 வயதினரின் ரத்தத்தில் டாரின் குழந்தைகளின் அளவில் மூன்றில் ஒரு பங்குதான் என்றது. நடுவயது எலிகளுக்குத் தினமும் டாரின் கொடுத்தபோது ஆயுள் 10 முதல் 12 சதவீதம் கூடியது. குரங்குகளின் எலும்பும் சர்க்கரை அளவும் மேம்பட்டன. முதுமைக்கு டாரின் குறைவே ஒரு காரணமோ என்ற கேள்வி உலகமெங்கும் எழுந்தது.

இரண்டே ஆண்டில், 2025 ஜூனில், அதே சயன்ஸ் இதழில் அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிலையத்தார் மறுத்து எழுதினார்கள். முதல் ஆய்வின் மனித அளவுகள் வெவ்வேறு வயதினரை ஒரே நேரத்தில் அளந்தவை. இவர்கள் ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ரத்த மாதிரிகளையும் பார்த்தார்கள். வயது ஏற ஏற டாரின் குறையவில்லை, பெரும்பாலும் அப்படியே இருந்தது, சிலரிடம் கூடியும் இருந்தது. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு வயதால் வரும் வேறுபாட்டைவிடப் பெரிது. எலியின் ஆயுள் கூடியது பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் வயதானால் டாரின் வற்றும், ஆகவே ஊற்ற வேண்டும் என்ற அடிப்படை ஆட்டம் கண்டது. அதே 2025ல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தார் நேச்சர் இதழில் இன்னொன்றைச் சொன்னார்கள். சில ரத்தப் புற்றுச் செல்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து டாரினை உறிஞ்சி வளர்கின்றன. நல்லது என்று பெயர் எடுத்த ஒரு பொருள் எல்லா உடம்பிலும் எல்லா நேரத்திலும் நல்லதாகவே இருக்கும் என்று எண்ண முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்றைய நிலையில் என் முடிவு இது. ஆரோக்கியமான பெரியவருக்கு டாரின் மாத்திரை தேவையில்லை. மீனும் கறியும் உண்பவர்களுக்கு நாளுக்குச் சில பத்து முதல் 400 மில்லிகிராம் வரை உணவிலேயே கிடைக்கிறது. சைவம் உண்பவர்களுக்கு உணவில் வரவு மிகக் குறைவுதான். இருந்தும் கல்லீரல் செய்து கொடுக்கிறது, சிறுநீரகம் வீணாக்காமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. நாளுக்கு 3 கிராம் வரை பெரியவர்களுக்குத் தீங்கு தெரியவில்லை. ஆனால் தீங்கு தெரியவில்லை என்பதும் பலன் உண்டு என்பதும் ஒன்றல்ல. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும், இதயத்துக்கோ அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். எனர்ஜி டிரிங்க் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உரியதல்ல என்று கேனிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பரீட்சை நேரத்தில் பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் அந்த வரியைப் படிக்க வேண்டும்.

டாரின் இல்லாமல் உண்மையாகவே உயிர் பிழைக்க முடியாத ஜீவன் நம் வீடுகளில் ஒன்று உண்டு. பால் சோறும் தயிர் சோறும் மட்டும் வைத்துப் பூனை வளர்க்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். வெளியே போய் எலி பிடிக்கிற பூனை பிழைத்துக்கொள்ளும். அடுக்குமாடி வீட்டில் பூட்டி வளர்க்கும் பூனைக்கு அந்த வழியும் இல்லை. நாய்த் தீவனம் அதற்குப் போதாது, பால் சோறு போதவே போதாது. தினமும் கொஞ்சம் மீனோ கோழியோ ஆட்டு இதயமோ கொடுங்கள். வேகவைத்தால் டாரின் தண்ணீரில் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரையும் கொட்டாமல் சேர்த்து வையுங்கள். வீட்டில் அசைவம் புழங்காதவர்கள் பூனைக்கென்றே விற்கும் தீவனத்தை வாங்கி, பையில் டாரின் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள்.